வடக்குச் சுவரில் இல்லாத மூன்று துளைகள்

தம்பி, ஞாயிற்றுக்கிழமைக்கு முன்னர் இதை எப்படியாவது வாசித்து முடித்துவிடு. நீ தமிழை எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பாய் என்று தெரியும். நல்லது, மெதுவாகவே வாசி. சனிக்கிழமை தோறும் அழ அழ உன்னைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோய் விட்டதற்கு இன்றைக்குத்தான் நான் பலன் கேட்கிறேன். போனிலேயே சொல்லியிருக்கலாம். சொன்னால் நீ "இட்ஸ் ஓகே, அப்பா" என்று ஒரு நொடியில் மன்னித்துவிட்டு உன் வேலையைப் பார்க்கப் போய்விடுவாய். அவ்வளவு மலிவாக மன்னிப்பு வாங்க எனக்கு விருப்பமில்லை. சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன்: எனக்கு உன்மேல் பொறாமை. இன்று நேற்று வந்ததல்ல. உன் அம்மாவுக்கு இது தெரியும். இந்தக் கடிதத்தையும் அவள் ஏற்கனவே வாசித்துவிட்டாள். இனி யார் வாசித்தாலும் எனக்குக் கவலையில்லை.

புதன்கிழமை நீ போன் எடுத்தாய். மலைக்கு அப்பால் நீ போய்ப் பார்த்துவரும் அந்தப் பழைய கிறிஸ்தவச் சிற்றாலயத்து ஆட்கள் எட்டுப் பேரும் ஞாயிறு ஆராதனை முடியக் கூடி, கட்டடத்தைப் பூட்டித் திறப்பை மேலிடத்தில் கொடுத்துவிடுவது என்று முடிவெடுக்கப் போகிறார்கள் என்றாய். பலகை நிலம் முழுவதையும் பிரித்துப் புதிதாகப் போட்டு, சுவர் நீளத்துக்கும் துளையிட்டு மருந்து ஏற்றி, மண்ணில் இருந்து ஏறும் ஈரத்தை நிறுத்தவேண்டும் என்று நீ எழுதிக் கொடுத்த அறிக்கையின் செலவுக்கு அவர்களால் ஈடுகொடுக்க ஏலாது. "என்னால ஏலுமானதெல்லாம் செய்திட்டன், அப்பா" என்றாய். நான் "ம்" என்றேன். தம்பி, அந்த "ம்" ஒரு பொய். அந்த நிலம் உக்குவதற்குக் காரணம் நீ எழுதியது அல்ல. சரியான காரணம் எனக்கு இரண்டு மாதமாகத் தெரியும். அது ஒரு மண்வெட்டியால் தீரக்கூடிய வேலை. தெரிந்துகொண்டுதான் வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

ஏன் என்று சொல்வதற்கு நான் கொஞ்சம் பின்னால் போகவேண்டும். யாழ்ப்பாணத்தில் ஓர் அரச கந்தோரில் நான் படவரைஞராக இருந்தது உனக்குத் தெரியும். பள்ளிக்கூடம், தபாற்கந்தோர், பாலம் என்று கீறினேன். ஒரு நாள் நானே முழுக் கட்டடம் ஒன்றை நினைத்து, அது நிமிர்ந்து நிற்பதைப் பார்க்கவேண்டும் என்பதுதான் எனக்கிருந்த ஒரே ஆசை. சிட்னிக்கு வந்து சேர்ந்தபோது என் சான்றிதழை இங்கே ஒருவரும் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. தகரக் கராஜ் செய்து விற்கும் ஒரு கொம்பனியில் வேலை கிடைத்தது. இருபத்தெட்டு வருடம் கராஜ் கீறினேன். ஒற்றைக் கார், இரட்டைக் கார், படகு வைக்கும் கராஜ். பென்டில் ஹில் ஸ்டேசனில் இருந்து ரயிலில் போகும்போது பின்வளவுகளில் என் கராஜ்கள் வரிசையாக நிற்கும். ஒருவன் கட்டடக்கலை என்று எதைச் சொல்கிறானோ அதற்குப் பக்கத்தில்கூட நான் போகவில்லை.

உனக்குக் கட்டடக்கலை படிக்க இடம் கிடைத்த நாளை நினைத்துப் பார். அம்மா குசினியில் பாயாசம் காய்ச்சினாள். நான் கதிரையை விட்டு எழும்பாமல், "படம் கீறுறதெல்லாம் ஒரு படிப்போ? எஞ்சினியரிங் போட்டிருக்கலாம்" என்றேன். நீ முகம் வாடி உன் அறைக்குள் போனாய். எல்லாத் தமிழ் அப்பாக்களும் இப்படித்தான் என்று உன் சிநேகிதர்களிடம் சொல்லிச் சிரித்ததாகப் பிறகு கேள்விப்பட்டேன். அதைக் கேட்டு எனக்கு நிம்மதியாக இருந்தது. எஞ்சினியரிங் பைத்தியம் பிடித்த அப்பன் என்று நீ நினைத்தது எனக்கு நல்ல மறைப்பாகப் போய்விட்டது. உண்மை என்னவென்றால் நீ எஞ்சினியரிங் எடுத்திருந்தால் நானும் எழும்பிப் போய்ப் பாயாசம் குடித்திருப்பேன். நான் போகமுடியாத இடத்துக்கு, நான் பெற்ற பிள்ளை, என் கண்ணுக்கு முன்னால், பையைத் தோளில் போட்டுக்கொண்டு சாவகாசமாகப் போவதைத்தான் என்னால் பார்க்க முடியவில்லை.

ஊர்ச் சங்க மண்டபத்துக் கதையும் உனக்கு முழுதாகத் தெரியாது. அதற்கான படத்தை நான்தான் மூன்று மாதம் இருந்து, சாப்பாட்டு மேசையில் விரித்துவைத்துக் கீறினேன். கூட்டத்தில் செயலாளர் அதைச் சுருட்டிக் கையில் வைத்துக்கொண்டு, "அண்ணை, குறை நினையாதேங்கோ. தம்பியை ஒருக்காப் பாக்கச் சொல்லுவமே? அவன் இஞ்ச படிச்சவன்" என்றார். நானும் "ஓம் ஓம், அதுக்கென்ன" என்று சிரித்தேன். நீ பார்த்தாய். ஒரேயொரு மாற்றம் செய்தாய்: குசினியை மேற்கில் இருந்து கிழக்குக்குக் கொண்டுபோனாய், பின்னேர வெயிலில் சமைப்பவர்கள் வேகக்கூடாது என்று. எல்லோரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன். நீ செய்தது சரி. அது சரியாக இருந்ததுதான் எனக்குத் தாங்கவில்லை. வெயில் எந்தப் பக்கத்தால் வரும் என்பதை என்னைக் கேட்டிருந்தால் நானும் சொல்லியிருப்பேன் என்று காரில் வரும் வழியெல்லாம் எனக்குள்ளே வாதாடிக்கொண்டு வந்தேன். ஆனால் நான் குசினியை மேற்கில்தானே கீறியிருந்தேன்.

இப்படிப்பட்ட மனிதனைத்தான் நீ இரண்டு மாதத்துக்கு முன்னர், டேப் பிடிக்க ஆள் வேண்டும் என்று, புளூ மவுண்டன்ஸ் தாண்டி மூன்று மணித்தியாலம் காரில் ஏற்றிக்கொண்டு போனாய். வழி முழுக்க நீ அந்தக் கட்டடத்தைப் பற்றியே கதைத்தாய். அது சர்ச் இல்லை, சேப்பல் என்றாய். இங்கிலாந்தின் அரச திருச்சபையோடு ஒத்துப்போக மாட்டோம் என்று பிரிந்து போனவர்களின் வழிவந்த சுரங்கத் தொழிலாளிகளும் கமக்காரரும் தங்கள் கையாலேயே கட்டியது என்றாய். நான் யன்னலுக்கு வெளியே மாடுகளைப் பார்த்துக்கொண்டு வந்தேன். ஒரு பெண்ணைப் பற்றிக்கூட நீ இப்படிக் கதைத்து நான் கேட்டதில்லை.

போய்ப் பார்த்தால் அதில் ஒன்றுமே இல்லை. வெட்டைவெளிக்கு நடுவில் ஒரு செங்கல் அறை. நம்முடைய ஊர்ப் பள்ளிக்கூட வகுப்பொன்றைவிடக் கொஞ்சம் நீளம். செங்குத்தான தகரக் கூரை, முன்னால் ஆள் நனையாமல் குடையை மடக்க மட்டும் போதுமான ஒரு சின்ன முகப்பு. யன்னல்கள் ஒடுக்கமாக மேலே கூராகப் போகின்றன. கண்ணாடியில் நிறமும் இல்லை, படமும் இல்லை. உள்ளே ஆட்கள் இருக்க இரண்டு வரிசை மர வாங்கு. கூரை சுவர்களை வெளியே தள்ளிவிடாமல் குறுக்கே இரண்டு இரும்புக் கம்பிகள். நான் என் பழக்கத்துக்கு மூலஸ்தானத்தைத் தேடினேன். சிலை இல்லை, திரை இல்லை, பீடமும் இல்லை. கடைசிச் சுவரின் நடுவில், நாலு படி ஏறிப் போகிற பிரசங்க மேடை மட்டும். "அவ்வளவுதான், அப்பா. இது கேக்கிறதுக்காகக் கட்டின கட்டடம்" என்றாய். கடைசி வாங்கில் என்னை இருத்திவிட்டு, நீ மேடையடியில் நின்று மெதுவாக, "அப்பா, பசிக்குதா?" என்றாய். பக்கத்தில் இருந்து கேட்பது போலக் கேட்டது. கூரைப் பலகையின் சரிவையும் மேடையின் உயரத்தையும் எந்தப் படவரைஞனும் இல்லாமல் அந்தக் கமக்காரர்கள் அப்படிக் கணக்காக வைத்திருந்தார்கள். எனக்கு அவர்கள்மேலும் பொறாமை வந்தது. செத்துப்போனவர்கள்மேலும் பொறாமைப்படுகிற மனிதனை நீ வேறெங்கும் பார்க்கமாட்டாய்.

நான் வாசலில் சப்பாத்தைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வந்தேன். நீ கொஞ்சம் வெட்கப்பட்டு, "அப்பா, இஞ்ச கழட்டத் தேவையில்லை" என்றாய். அந்தச் சபையின் காரியங்களைப் பார்க்கும் மார்கரெட் அம்மையார், எண்பது தாண்டியவர், என் வெறுங்காலைப் பார்த்துவிட்டு, குளிருமே என்று கவலைப்பட்டார். சாமி கும்பிடும் இடத்துக்குள் சப்பாத்தோடு போக என் கால் ஒப்பாது. அந்த வெறுங்காலுக்குத்தான் முதலில் தெரிந்தது. தெற்குப் பக்கத்துப் பலகை மொறுமொறுவென்று காய்ந்து கிடந்தது. வடக்குப் பக்கத்துக்கு வந்ததும் பலகை சில்லென்றிருந்தது, அழுத்தினால் லேசாக அமிழ்ந்தது. இந்த நாட்டில் வெயில் வடக்கால்தான் வரும். ஈரம் பிடிப்பதென்றால் தெற்குப் பக்கம் அல்லவா பிடிக்கவேண்டும்? நீ உன் லேசர் கருவியை முக்காலியில் வைத்துச் சுவரைச் சுட்டுச் சுட்டு அளந்துகொண்டிருந்தாய். டேப் பிடிக்கக் கூட்டிவந்தவனை நீ மறந்தே போனாய்.

எனக்கு வேலையில்லாததால் வெளியே வந்து, கை கட்டிக்கொண்டு, கட்டடத்தை ஒரு சுற்று வலம் வந்தேன். பக்தி என்று நினையாதே. ஒரு கோயிலுக்கு வந்தால் சுற்றாமல் திரும்ப எனக்குத் தெரியாது, அவ்வளவுதான். தெற்குச் சுவரின் அடியில், நிலமட்டத்துக்கு ஒரு சாண் மேலே, இரும்புச் சல்லடை போட்ட மூன்று காற்றுத் துளைகள் இருந்தன. பலகை நிலத்துக்குக் கீழே காற்றுப் போய்வருவதற்கு வைப்பது. பின்னால் போய், சுற்றி, வடக்குச் சுவருக்கு வந்தேன். அங்கே துளை இல்லை. ரோசாச் செடிகள்தான் வரிசையாக நின்றன. ஒவ்வொன்றின் அடியிலும் செத்துப்போன ஒருவரின் பெயர்ப் பலகை. வருடா வருடம் மண்ணும் எருவும் போட்டுப் போட்டுப் பாத்தி என் முழங்கால் மட்டுக்கு உயர்ந்திருந்தது. ஒரு பக்கம் மூன்று துளை வைத்தவன் மறுபக்கம் வைக்காமல் விட்டிருப்பானா? கராஜ் கீறுகிறவனுக்குக்கூட அது தெரியும். காற்று ஒரு பக்கத்தால் வந்தால் மறுபக்கத்தால் போகவேண்டும். மூன்று துளையும் அந்த மண்ணுக்குள் மூச்சடைத்துக் கிடந்தன.

நான் உள்ளே வந்தேன். வாய் வரைக்கும் வந்தது. நீ முழங்காலில் நின்று, ஒரு பலகையின் இடுக்கில் விளக்கடித்துப் பார்த்துக்கொண்டே, ஆங்கிலத்தில் உனக்கு நீயே ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாய். நிமிர்ந்து, "அப்பா, ஒரு கோப்பி குடிச்சிட்டு வாங்கோவன், எனக்கு இன்னும் கொஞ்சம் வேலை இருக்கு" என்றாய். நல்ல மனத்தோடுதான் சொன்னாய். ஆனால் எனக்குச் சங்கக் கூட்டத்தில் சுருட்டி வைத்த என் படம் ஞாபகம் வந்தது. கேட்கட்டும், அப்போது சொல்வோம் என்று நினைத்தேன். "அப்பா, நீங்க என்ன நினைக்கிறீங்கள்?" என்று ஒரேயொரு தரம் நீ கேட்டால் போதும் என்று இருந்தது. திரும்பி வரும் மூன்று மணித்தியாலமும் காத்திருந்தேன். நீ என் மூட்டுவலியைப் பற்றிக் கேட்டாய், அம்மாவின் கண் பரிசோதனையைப் பற்றிக் கேட்டாய். கட்டடத்தைப் பற்றி என்னைக் கேட்கவேயில்லை.

மூன்று கிழமைக்கு முன்னர் நீ அறிக்கையை அவர்களுக்கு வாசித்துக் காட்டப் போனபோது நானும் வருகிறேன் என்றேன். துணைக்கு வருகிறேன் என்று நினைத்து நீ சந்தோசப்பட்டாய். தம்பி, நான் வந்தது வேறொன்றுக்கு. எட்டுக் கிழடுகளில் ஒன்றாவது எழும்பி, "அந்தப் பக்கம் துளை இருந்ததே" என்று உன்னை மடக்கும், நீ தடுமாறுவாய், அப்போது பின்வாங்கில் இருந்து அப்பன் எழும்பிக் காப்பாற்றுவான் என்று ஒரு முழு நாடகமே மனத்துக்குள் எழுதி வைத்திருந்தேன். ஒருவரும் எழும்பவில்லை. நீ மேடையில் ஏறாமல் கீழே நின்று, எழுதியதைப் பார்க்காமல், அவர்கள் கண்ணைப் பார்த்துச் சொன்னாய். அவர்கள் அழுதார்கள். பிறகு ஒவ்வொருவராக வந்து உன் கையைப் பிடித்தார்கள். மார்கரெட் அம்மையார் என்னிடம் வந்து, இவன் எங்கள் பிள்ளை, உங்களுக்குத் திருப்பித் தரமாட்டோம் என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். அவர்களுடைய கட்டடம் போகப் போகிறது. அப்போதும் எனக்கு எரிந்தது அந்த "எங்கள் பிள்ளை" என்ற சொல்தான். எங்கள் வீட்டுக்கு நீ மாதத்தில் ஒரு ஞாயிறு வருகிறாய், அதுவும் சாப்பிட்ட கையோடு எழும்பிவிடுகிறாய். அவர்களுக்கு இரண்டு மாதத்தில் ஆறு ஞாயிறு போனாய். நான் எண்ணி வைத்திருக்கிறேன்.

புதன்கிழமை உன் போனுக்குப் பிறகு நான் சாப்பிடவில்லை. அம்மா கேட்டாள். சொன்னேன். அவள் கையில் இருந்த கோப்பையைத் தொட்டிக்குள் வைத்துவிட்டுத் திரும்பினாள். "இஞ்சாருங்கோ, உங்களுக்குப் பிள்ளையில எரிச்சல் எண்டு எனக்குத் தெரியும். பாயாசத்தண்டைக்கே தெரியும். பாவம், ஆம்பிளை, எத்தனையை விட்டுப்போட்டு வந்தது எண்டு பேசாம இருந்தனான். ஆனா அந்தக் கிழவன் கிழவியள் உங்களுக்கு என்ன செய்தவை? அதுகள் கும்பிடுற இடம். உங்கட எரிச்சலுக்கு அதுகளின்ர கோயிலைப் பூட்டப் போறியளோ?" என்றாள். திருமணமாகி நாற்பது வருடத்தில் அவள் என்னோடு அப்படிக் கதைத்தது கிடையாது.

அடுத்த நாள் காலை, மண்வெட்டியையும் ஒரு வாளியையும் காரில் போட்டுக்கொண்டு தனியே புறப்பட்டேன். மலைப்பாதையில் நான் ஓட்டுவது உனக்குப் பிடிக்காது, அதனால் சொல்லவில்லை. பதினொரு மணிபோலப் போய்ச் சேர்ந்தேன். மார்கரெட் அம்மையார் உள்ளே இரண்டு பேரோடு பாட்டுப் புத்தகங்களைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தார். அதைப் பார்த்ததும் நேரே அவரிடம் போனேன். நடுச் செடியடியில் கொஞ்சம் தோண்டிப் பார்க்கலாமா என்று கேட்டேன். அது அவருடைய கணவரின் பெயரில் வைத்த ரோசா. அம்மையார் பெயர்ப் பலகையைப் பிடுங்கித் தன் கையில் வைத்துக்கொண்டு, தோண்டுங்கள் என்றார். சுவரோரமாக வெட்டினேன். ஒரு சாண் போனதும் மண்வெட்டி இரும்பில் பட்டது. கையால் மண்ணை விலக்கினேன். அதே சல்லடை. கறல் பிடித்து, வேர் புகுந்து, அடைத்துக் கிடந்தது. வேரை இழுத்ததும் உள்ளேயிருந்து பழைய ஈர வாசனையோடு காற்று என் முகத்தில் வந்து பட்டது. நான் அதை விளக்கிச் சொன்னதும் அம்மையார் பெயர்ப் பலகையைப் பார்த்து, "உயிரோடு இருக்கும்போதும் இந்த மனிதர் வாசலை மறைத்துக்கொண்டுதான் நிற்பார்" என்றார். பிறகு நாங்கள் நாலு பேருமாகச் சேர்ந்து மற்ற இரண்டு துளையையும் வெளியே எடுத்தோம். என் இடுப்பு இன்னும் நிமிரவில்லை.

வடக்குப் பக்கத்தில் ஏழெட்டுப் பலகையும் அடியில் ஒன்றிரண்டு மரமும் மாற்றவேண்டித்தான் வரும். அதை நீ போய்ப் பார். ஆனால் நிலம் முழுவதையும் பிரிக்கத் தேவையில்லை, சுவரைத் துளைக்கத் தேவையில்லை. காற்றை விட்டால் சுவர் தானே காயும்; ஒரு கோடை பொறுக்கவேண்டும், அவ்வளவுதான். நான் சொல்வதை நம்பாதே, உன் ஈரம் பார்க்கும் கருவியைக் கொண்டுபோய் நீயே அளந்து பார். அளந்துவிட்டு, ஞாயிறு அவர்கள் கூடுவதற்கு முன்னர் புது அறிக்கையைக் கையில் கொடு. உன் பழைய அறிக்கை பிழை என்று அவர்கள் முன்னால் சொல்ல உனக்குக் கூசும். சொல்லத்தான் வேண்டும். நான் வாய் திறந்திருந்தால் உனக்கு அந்தக் கூச்சம் வந்திருக்காது. அந்த ஒன்றுக்காக மட்டும் நான் உன்னிடம் மன்னிப்புக் கேட்கிறேன்.

இன்னும் ஒன்று இருக்கிறது. மார்கரெட் அம்மையார் என்னைக் கேட்டார், இது எப்படித் தெரிந்தது என்று. நான் மண் படிந்த கையோடு நின்றேன். நீ பிழை விட்டாய் என்று சொல்ல வாய் வரவில்லை. "என் மகன்தான் கண்டுபிடித்தான். அவன்தான் என்னை அனுப்பினான்" என்றேன். இந்த ஒரு நல்ல காரியத்தோடு எல்லாவற்றையும் சரிக்கட்டிவிட்டேன் என்று எனக்குள் ஒரு பெருமை. அது அரை நிமிடம்கூட நிற்கவில்லை. மூவரும் ஒருவரையொருவர் பார்த்து, அவன்தானே, அவன் கண்ணுக்கு எது தப்பும் என்று சொல்லிச் சிரித்தார்கள். அதிலே ஒருவர் என் தோளில் தட்டி, இப்படி ஒரு பிள்ளைக்கு உதவியாளாக இருப்பது எவ்வளவு பாக்கியம் என்றார். உதவியாள்! நானே கொடுத்த பெருமைக்கு நானே எரிந்துகொண்டு மலையிறங்கி வீட்டுக்கு வந்தேன்.

தம்பி, உனக்கும் ஒரு காலம் பிள்ளை வரும். அது உன்னைவிட நன்றாக ஏதோவொன்றைச் செய்யும். அப்போது நெஞ்சுக்குள் சுருக்கென்று ஒன்று குத்தும். வெட்கப்படாதே, மறைக்காதே, அந்தக் கணமே வாயைத் திறந்து "எனக்கு எரியுது" என்று சொல்லிவிடு. பிள்ளை சிரிக்கும். சிரித்தால் சிரிக்கட்டும். நான் சொல்லாமல் வைத்திருந்ததில் ஒரு கோயிலே மூடிப்போகப் பார்த்தது. பழைய கட்டடங்களுக்குப் போனால் கருவியை எடுக்க முதல் சப்பாத்தைக் கழற்றிவிட்டு ஒரு நடை நட. வெளியே வந்து ஒரு சுற்றுச் சுற்று. என்னையும் ஒரு வார்த்தை கேள். பதில் தெரியாவிட்டாலும் தெரிந்த மாதிரி ஏதாவது சொல்வேன்.

அவர்கள் உனக்கு நன்றி சொல்லப் போன் எடுப்பார்கள். போனில் ஒன்றும் மறுத்துச் சொல்லவேண்டாம். ஞாயிற்றுக்கிழமை நானும் அம்மாவும் உன்னோடு வருகிறோம். அவர்கள் எட்டுப் பேரும் இருக்கும்போது நீ முன்னால் போய் நின்று சொல்: துளைகளைக் கண்டது என் அப்பா, கண்டுவிட்டு இரண்டு மாதம் பேசாமல் இருந்ததும் என் அப்பா. இரண்டையும் விடாமல் சொல். நான் கடைசி வாங்கில் இருப்பேன். அந்தக் கட்டடத்தில் மெதுவாகச் சொன்னாலும் எல்லோருக்கும் கேட்கும், தெரியும். ஆனாலும் முதலாவதைக் கொஞ்சம் உரக்கச் சொல்.